மண்ணுக்குள் ஒரு காப்பிரைட் வழக்கு

மரபணு மாற்றப் பயிர் என்றதும் உங்கள் மனக்கண்ணில் என்ன வருகிறது? வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குழாய், மைக்ரோஸ்கோப்புக்குள் ஒற்றைக் கண்ணை விட்டுக்கொண்டிருக்கும் ஒரு மேதை. படம் சரிதான், ஆள் அடையாளம்தான் தப்பு. மேதை மைக்ரோஸ்கோப்புக்கு மேலே இல்லை. கீழே, கண்ணாடித் தகட்டில் நெளிந்துகொண்டிருக்கிறார்!

சத்தியமாக. இந்தத் தொழிலின் மூன்று பெரிய 'கண்டுபிடிப்பு'களும் சிவனே என்று கிடந்த பாக்டீரியாக்களிடமிருந்து சுட்டவை. சுட்டதற்குப் பேடன்ட் வாங்கி, பரிசு வாங்கி, கோடிகளில் வியாபாரமும் செய்து முடித்த பிறகு மனித குலத்துக்குத் திடீரென்று ஒரு கவலை: "ஐயையோ, இதனால் மண்ணில் இருக்கிற பாக்டீரியாக்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ?" பீரோவை உடைத்து நகையை அள்ளியவன், போகும்போது வாசலில் நின்று, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரித்த கதை!

முதல் திருட்டின் பூர்வகதை 1901-ல், ஜப்பானில் ஆரம்பிக்கிறது. அப்போது ஜப்பானின் ஏற்றுமதியில் பட்டுதான் முதலிடம். போர்க்கப்பல் வாங்கவும் ரயில் விடவும் காசு பட்டுப்புழுவின் வாயிலிருந்து வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட வி.ஐ.பி. புழுக்கள், இலை தின்றுகொண்டிருக்கும்போதே பொத்தென்று சுருண்டு செத்தன. இஷிவாடா என்ற உயிரியலாளர் துப்புத் துலக்கி ஒரு பாக்டீரியாவைக் கையும் களவுமாகப் பிடித்தார். அவரைப் பொறுத்தவரை அது தேசத் துரோகி. நூறு வருடம் கழித்து அந்தத் துரோகியின் சரக்கை விதைக்குள் வைத்து, கம்பெனிகள் கோர்ட் வாசல் ஏறிச் சண்டை போடும் என்று யாராவது சொல்லியிருந்தால், மனிதர் சாக்கேயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்திருப்பார்.

பத்து வருடம் போகிறது. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் பெர்லினர் என்று ஒருவர். துரிஞ்ஜியா மாகாணத்து மாவு மில் ஒன்றிலிருந்து வந்த சரக்கில், மாவை மேய வேண்டிய அந்துப்பூச்சியின் புழுக்கள் செத்துக் கிடந்தன. மாவு தப்பித்தது என்று மில்காரர் மாதிரி சந்தோஷப்படாமல், ஏன் செத்தன என்று இவர் நோண்டினார். அதே பாக்டீரியா! அதற்கு பாசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் என்று 1915-ல் முறைப்படி நாமகரணம் செய்தார். சுருக்கமாக 'பி.டி.'. முதலில் பார்த்த ஜப்பானியருக்குப் பட்டை நாமம், மூட்டை வந்த ஊருக்கு அழியாப் புகழ்.

இந்தப் பி.டி. ஒரு புரதப் படிகத்தைத் தயாரித்து வைத்திருக்கிறது. புழு அதைத் தின்றால், காரத்தன்மையுள்ள அதன் குடலில் படிகம் கரைந்து, குடல் சுவரில் போய் ஒட்டி, ஓட்டை போட்டுவிடும். அதோடு புழுவுக்குச் சாப்பாடு இறங்காது. 1938-லேயே பிரான்சில் இதை 'ஸ்போரீன்' என்ற பெயரில் மருந்தாக விற்றார்கள். இயற்கை விவசாயிகளுக்கு இது வரப்பிரசாதம். இன்றைக்கும் தெளிக்கிறார்கள். அப்புறம் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து விஞ்ஞானிகள் அந்த நச்சுப் புரதத்தின் மரபணுவையே எடுத்துச் செடிக்குள் வைத்து, 1987-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். என்ன செடி தெரியுமா? புகையிலை! புழு கடித்துவிடாமல் மனிதன் அரும்பாடுபட்டுக் காப்பாற்றிய பயிர், மனிதனையே கொல்லும் பயிர்.

இரண்டாவது திருட்டு இன்னும் ருசிகரமானது. டெய்சிச் செடியில் அசிங்கமாகக் கழலை போல ஒரு கட்டி வரும். அமெரிக்க வேளாண் துறையின் எர்வின் ஸ்மித்தும் டௌன்செண்டும் 1907-ல் காரணகர்த்தாவைப் பிடித்தார்கள். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. இன்றைய பெயர் அக்ரோபாக்டீரியம். பிடித்தார்களே ஒழிய, ஐயா உள்ளே போய் என்னதான் செய்கிறார் என்று புரிய மேலும் எழுபது வருடம் ஆனது. புரிந்தபோது எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். தன் டி.என்.ஏ.வில் ஒரு துண்டை நறுக்கி, செடியின் செல்லுக்குள் அனுப்பி, செடியின் சொந்த டி.என்.ஏ.வோடு தைத்துவிடுகிறார்! அந்தத் துண்டில் இருக்கும் உத்தரவு இதுதான்: 'எனக்குப் பிடித்த ஒரு பலகாரம் இருக்கிறது. நாள் முழுக்க அதையே செய். பக்கத்து வீட்டுக்காரனுக்கு அது செரிக்காது.' செடியும் மறுபேச்சில்லாமல் அடுப்பைப் பற்ற வைக்கிறது. நாம் ஜெனெட்டிக் எஞ்சினீயரிங் என்று பெயர் வைத்த வித்தையை, கண்ணுக்குத் தெரியாத இந்த ஆசாமி மனிதனே பிறக்காத காலத்திலிருந்து பார்ட் டைமாகச் செய்துகொண்டிருக்கிறார்.

இதில் மேரி-டெல் சில்ட்டன் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் நிலைமைதான் தர்மசங்கடம். பாக்டீரியாவாவது, செடிக்கு டி.என்.ஏ. கொடுப்பதாவது என்ற சந்தேகத்தோடு சோதனையில் இறங்கியவர் அவர். 1977-ல், 'ஆமாம், கொடுக்கிறது' என்று அவருடைய குழுவே நிரூபிக்க வேண்டியதாயிற்று. 1983 ஜனவரியில் மயாமியில் நடந்த மாநாட்டில் சில்ட்டன், கென்ட் குழுவின் ஜெஃப் ஷெல், மான்சான்டோ கம்பெனியின் ஆட்கள் என்று மூன்று தரப்பும் வரிசையாக மேடையேறி, பாக்டீரியாவின் கத்தரிக்கோலை வைத்துச் செடிக்குள் வெளி மரபணுவைத் தைத்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். 2013-ல் சில்ட்டனுக்கும் கென்ட்டின் மார்க் வான் மாண்டெகுவுக்கும் மான்சான்டோவின் ராபர்ட் ஃப்ரேலிக்கும் உலக உணவுப் பரிசு. இரண்டரை லட்சம் டாலரை மூன்று பேரும் பங்கிட்டுக்கொண்டார்கள். கத்தரிக்கோலின் சொந்தக்காரருக்குச் சால்வை கூட இல்லை.

ஆனால் பாக்டீரியா பழிவாங்கிவிட்டது. 2015-ல் அதே கென்ட் நகரத்தின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழு ஒன்று சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் குடைந்து பார்த்தது. பரிசோதித்த 291 பயிர் ரகங்களிலும் அக்ரோபாக்டீரியத்தின் டி.என்.ஏ.! எவரிடமும் லைசென்ஸ் வாங்காமல், எந்தக் காலத்திலோ அது தைத்துவிட்டுப் போனது. ஆகவே பொங்கலன்று சர்க்கரைவள்ளியை அவித்துப் படைத்துவிட்டு, சாயந்திரம் மரபணு மாற்ற எதிர்ப்புக் கூட்டத்துக்குப் போகிறவர்கள், வாயைத் துடைத்துக்கொண்டு போவது நல்லது.

மூன்றாவது திருட்டைக் கம்பெனி தன் சொந்த வீட்டிலேயே நடத்தியது. 1970-ல் மான்சான்டோவின் ஜான் ஃப்ரான்ஸ், கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியின் மகிமையைக் கண்டுபிடித்தார். 'ரவுண்டப்' என்று விற்பனைக்கு வந்து சக்கைப் போடு போட்டது. ஒரே ஒரு குறை. அதற்குக் களை, பயிர் என்ற பாரபட்சம் கிடையாது. பச்சையாக இருந்தால் போதும், காலி. மருந்து பட்டாலும் சாகாத பயிர் வேண்டும் என்று பெரிய பெரிய மூளைகள் வருடக்கணக்கில் என்சைமைத் திருகித் திருகிப் பார்த்தன. சரிப்படவில்லை. கடைசியில் எங்கே கிடைத்தது? லூயிசியானாவில், அந்த மருந்தைத் தயாரிக்கும் அவர்களுடைய ஆலையின் கழிவில்! கிளைஃபோசேட்டிலேயே ஊறிக்கொண்டு, ஒரு பாக்டீரியா ஜம்மென்று குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அதன் மரபணுவை உருவி சோயாவில் வைத்தார்கள். 1996-ல் 'ரவுண்டப் ரெடி' சோயா வயலுக்கு வந்தது. நோபல் தரத்து மூளைகளை வாடகைக்கு எடுக்கும் முன் கம்பெனிகள் தங்கள் சாக்கடையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுவது சிக்கனம்.

திருட்டுப் படலம் முடிந்தது. இனி கவலைப் படலம்.

கவலை என்ற கலையில் மனிதன் எவ்வளவு தேர்ந்தவன் என்று பார்க்க, 1987 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் பிரென்ட்வுட் என்ற ஊருக்குப் போக வேண்டும். இலையில் உறைபனி பிடிக்க ஒரு பாக்டீரியா காரணம். அதன் ஒரு மரபணுவை நீக்கிவிட்டால் பனி அவ்வளவு சுலபத்தில் பிடிக்காது. ஸ்டீவன் லிண்டோ என்ற விஞ்ஞானியின் இந்த யோசனையை எடுத்துக்கொண்டு, ஒரு கம்பெனி ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் தெளிக்கக் கிளம்பியது. கோர்ட், கேஸ், தடை என்று வருடங்கள் ஓடின. நடுவே பொறுமையிழந்த கம்பெனி, ஓக்லாந்தில் தன் ஆபீஸ் மொட்டைமாடியில் நின்ற மரங்களுக்கு ரகசியமாக ஊசி போட்டுப் பார்த்து, மாட்டிக்கொண்டது. 20,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டது. உலகத்தையே மாற்றப் போகும் விஞ்ஞானம், மொட்டைமாடியில் வடகம் காய்கிற இடத்தில்!

கடைசியில் அனுமதி வந்தது. முதல் நாள் ராத்திரி யாரோ புகுந்து செடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். விடிந்ததும் மறுபடி நட்டார்கள். விஞ்ஞானி ஒருவர் தலை முதல் கால் வரை வெள்ளைக் கவசம், முகமூடி என்று விண்வெளி வீரர் கோலத்தில் வந்து தெளித்தார். விதி அப்படி. சற்றுத் தள்ளி, சாதாரணச் சட்டையும் கேமராவுமாகப் பத்திரிகைக்காரர்கள் கும்பல். அவர்களுக்கு விதி எதுவும் இல்லை போலும். இத்தனைக்கும், அந்த மரபணு இல்லாத பாக்டீரியாக்கள் இயற்கையில் ஏற்கெனவே உண்டு. பேட்டி கொடுக்கத் தெரியாத காரணத்தால் அவை செய்தியில் வரவில்லை.

சரி, நிஜமான கேள்விக்கு வருவோம். கேள்வி நிஜமானதுதான். இலை மேல் தெளித்த பி.டி. வெயிலில் சில நாளில் வீணாகிவிடும். செடிக்குள் வைத்த பி.டி.யோ விதை முளைத்த நாளிலிருந்து சருகாகி மண்ணில் புதையும் வரை சுரந்துகொண்டே இருக்கும். அது மண்ணுக்குள் போனால் அங்கே இருக்கிறவர்கள் கதி? ஒரு சிட்டிகை மண்ணை எடுங்கள். ஒரு கிராம் என்று வையுங்கள். வளமான மண்ணானால் அதில் நூறு கோடி பாக்டீரியா இருக்கலாம். ஏறக்குறைய இந்தியாவை உள்ளங்கையில் வைத்திருக்கிறீர்கள். அந்த மக்கள்தொகையை எண்ண விஞ்ஞானிகள் நெடுங்காலம் நம்பியிருந்த வழி, கண்ணாடித் தட்டில் ஊட்டச்சத்துக் கூழ் ஊற்றி, யார் யார் வளர்கிறார்கள் என்று பார்ப்பது. விருந்துக்கு வருவது நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை! வந்த ஒருவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, வராத தொண்ணூற்றொன்பது பேரின் ஆரோக்கியத்தைப் பற்றி ரிப்போர்ட் எழுதினார்கள்.

இந்தச் சூழ்நிலையில்தான் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கெந்தர் ஸ்டாட்ஸ்கி 1999 டிசம்பரில் குண்டு போட்டார். 'நேச்சர்' இதழில் சின்னக் கட்டுரை. பி.டி. மக்காச்சோளத்தின் வேரிலிருந்தே நச்சுப் புரதம் மண்ணுக்குள் கசிகிறது! கசிந்தது களிமண் துகளோடும் மக்கோடும் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்டால் பாக்டீரியாவால் அதைச் சுலபத்தில் தின்ன முடியாது. இவருடைய ஆய்வகத்தில் 234 நாள் கழித்தும் அந்த மண் புழுவைக் கொன்றது. அடேங்கப்பா! அதே வருடம்தான் பி.டி. மகரந்தம் மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுவைக் கொல்கிறது என்று வேறொரு கட்டுரை வந்து, எதிர்ப்பாளர்கள் வண்ணத்துப்பூச்சி வேஷம் போட்டுக்கொண்டு தெருவில் நின்றிருந்தார்கள். இப்போது மண்ணும் சேர்ந்துகொண்டது. ஆனால் பாக்டீரியா வேஷம் போட ஒருவரும் முன்வரவில்லை.

இனிமேல்தான் கூத்து. நச்சு இருக்கிறது என்று கண்டுபிடித்த அதே ஸ்டாட்ஸ்கி குழு, அது யாரையாவது ஏதாவது செய்கிறதா என்றும் பார்த்தது. பி.டி. மக்காச்சோளம் வளர்ந்த மண்ணில் மண்புழுக்களைச் சுமார் நாற்பது நாள் குடிவைத்தார்கள். புழுக்கள் சாகவில்லை, இளைக்கவில்லை. அவற்றின் குடலிலும் கழிவிலும் நச்சுப் புரதம் இருந்ததென்னவோ உண்மை. எடுத்து வேறு மண்ணில் விட்டதும் இரண்டு மூன்று நாளில் அதையும் வெளித்தள்ளிவிட்டு, ஆக வேண்டிய காரியத்தைப் பார்க்கப் போய்விட்டன. நூற்புழு, பாக்டீரியா, பூஞ்சை, எதன் எண்ணிக்கையிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இது 2001-ல் வெளியாயிற்று. 'மண்ணில் நச்சு' என்பது தலைப்புச் செய்தி. 'மண்புழு நலம்' என்று எந்த எடிட்டர் தலைப்பு போடுவார்?

எதிர்முகாம் சும்மா இருக்குமா? மான்சான்டோக்காரர்களே மண்வெட்டியோடு கிளம்பி, பல வருடம் தொடர்ந்து பி.டி. பருத்தி விளைந்த நிலங்களின் மண்ணைச் சோதித்து, நச்சைக் காணவே காணோம் என்று 2002-ல் எழுதினார்கள். தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்தி நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டால் யார் நம்புவது? ஆனால் பாருங்கள், கம்பெனிக்கு வேண்டாதவர் என்று கருதப்பட்ட ஸ்டாட்ஸ்கியின் குழு பின்னால் பருத்தியைச் சோதித்தபோது, அதன் வேரிலிருந்து நச்சு கசியவே இல்லை. மக்காச்சோளம் ஒழுகும், பருத்தி ஒழுகாது! பருத்திக்காக அதுவரை இரு தரப்பும் கத்திய கத்தலை வாபஸ் வாங்க வழியில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மனியின் உருளைக்கிழங்குக் கதை. பி.டி. நச்சாவது புழுவுக்கு வைத்தது. பாக்டீரியாவின் மேல் அதற்கு நேரடி விரோதம் கிடையாது. ஆனால் இந்த உருளைக்கிழங்கு பாக்டீரியாவைக் கொல்வதற்கென்றே தயாரானது. பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் 'டி4 லைசோசைம்' என்ற என்சைமின் மரபணுவை, பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸிடமிருந்து வாங்கி (இங்கேயும் திருட்டுத்தான், வீடு மட்டும் வேறு) கிழங்கில் வைத்திருந்தார்கள். அழுகல் நோய்க் கிருமியை ஒழிக்க. வேரிலிருந்து அந்த என்சைம் கசியவும் செய்தது. போச்சு, வேரைச் சுற்றியுள்ள ஜனத்தொகையே அழிந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? வயலில் வைத்து ஆராய்ந்து 2002-ல் முடிவு சொன்னார்கள்: இடம், பருவம், வருடம் மாறும்போது பாக்டீரியாக்களில் ஏற்படும் மாற்றங்களோடு ஒப்பிட்டால், இந்த என்சைமின் விளைவு பொருட்படுத்தத் தக்கதே அல்ல! நம்முடைய அணுகுண்டு, அவர்களுக்கு ஆடி மாதக் காற்று.

அதற்காகப் பயமுறுத்தும் தொழில் படுத்துவிடுமா? உச்சக்கட்டம் 2001-ல் நியூசிலாந்தில் நடந்தது. மரபணு மாற்றம் பற்றி விசாரிக்க அரசு ஓர் உயர் ஆணையம் வைத்திருந்தது. பசுமைக் கட்சியின் சாட்சியாக அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்து மண் நுண்ணுயிர் விஞ்ஞானி எலெய்ன் இங்கம் வந்தார். மண்ணில் வாழும் க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவை, பயிர்க் கழிவிலிருந்து சாராயம் காய்ச்சும்படி மரபணு மாற்றியிருந்தார்கள். அதை ஆய்வகத்தில் மண்ணில் விட்டபோது கோதுமை நாற்றுகள் செத்தது நிஜம். மணற்பாங்கான மண், சின்னச் சாடி, சில வாரம். அந்தச் சாடியிலிருந்து கதை கிளம்பி, இது மட்டும் வெளியே வந்திருந்தால் பூமியில் ஒரு செடி கூட மிஞ்சியிருக்காது என்ற அளவுக்கு ஊதிப் பெருத்தது. வயல் சோதனைக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தேவிட்டது என்று கொசுறு வேறு.

உலகமே குடித்துச் சாவது! ஹாலிவுட்காரர்களுக்குக் கூடத் தோன்றாத கிளைமாக்ஸ். நியூசிலாந்து விஞ்ஞானிகள் உட்கார்ந்து ஆதாரங்களை ஒவ்வொன்றாகத் தேடினார்கள். மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் ஒன்று உலகத்திலேயே இல்லை. அனுமதி கொடுத்ததாகச் சொன்னதும் உண்மையில்லை. பசுமைக் கட்சி ஆணையத்திடம் மன்னிப்புக் கேட்டது. ஆனாலும் பூமி தப்பிப் பிழைத்த அந்தக் கதை இன்றும் வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. உண்மையான க்ளெப்சியெல்லாவை விட அதன் வதந்திக்கு ஆயுசு கெட்டி.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'ஆஹா, அப்படியானால் எல்லாம் சேஃப்!' என்று கம்பெனிக்காரர்கள் எழுந்து நின்று கைதட்ட வேண்டாம். உட்காருங்கள் சார். களைக்கொல்லி தாங்கும் சோயாவின் கதை கொஞ்சம் வேறு. கிளைஃபோசேட் தாக்கும் என்சைம் செடியில் மட்டுமில்லை, பல பாக்டீரியாவிலும் பூஞ்சையிலும் இருக்கிறது. சோயாவின் வேர்முடிச்சில் உட்கார்ந்து காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியாவிலும் உண்டு. சோயாவுக்குக் கவசம் கொடுத்த கம்பெனி, அதன் வேரில் சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் இந்தப் பங்காளிக்குக் கொடுக்க மறந்துவிட்டது! ஈரம் குறைவான, நெருக்கடியான நிலைமையில் மருந்தடித்தால் முடிச்சு வைப்பதும் தழைச்சத்துப் பிடிப்பதும் பாதிக்கப்படலாம் என்று அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகளே எழுதியிருக்கிறார்கள். குற்றவாளி மரபணு அல்ல, அந்த மரபணு இருக்கிற தைரியத்தில் கணக்கில்லாமல் அடிக்கும் மருந்து. அதே மண்ணில் வேறு சில பாக்டீரியாக்களோ கிளைஃபோசேட்டைத் தின்று ஏப்பம் விடுகின்றன. மண்ணுக்குள் ஒருமித்த கருத்து என்பதே கிடையாது.

இனி நம் நாடு. வழக்கம்போல நாம் பி.டி.யைக் கொல்லைப்புறமாகத்தான் நுழைய விட்டோம். 2001-ல் குஜராத்தில் காய்ப்புழு பருத்தியை மொட்டையடித்துக்கொண்டிருக்க, சில வயல்கள் மட்டும் பச்சென்று சிரித்துக்கொண்டிருந்தன. என்ன மாயம் என்று போய்ப் பார்த்தால், அனுமதியே இல்லாமல் 'நவபாரத் 151' என்ற விதையில் பி.டி. மரபணு! பேடன்ட், கமிட்டி என்று வருடக்கணக்கில் வரிசையில் நின்ற மான்சான்டோவும் அதன் இந்தியக் கூட்டாளி மஹிகோவும் வயிற்றெரிச்சலில் புகார் கொடுத்தன. பயிரைக் கொளுத்து என்று டெல்லி உத்தரவிட்டது. விவசாயிகள் அதற்குள் பஞ்சை விற்றுக் காசு பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2002 மார்ச் 26 அன்று டெல்லி முறையாக அனுமதி வழங்கியபோது, பி.டி. பருத்தி ஏற்கெனவே வீட்டுக்குள் வந்து காலை நீட்டிப் படுத்திருந்தது. பாக்டீரியாவிடமிருந்து திருடியவரிடமிருந்து திருடியவரைப் பற்றிப் பாக்டீரியா என்ன நினைத்திருக்கும்?

2009-ல் சூழலியல் போராளி வந்தனா சிவாவின் நவதான்யா அமைப்பு ஓர் அறிக்கை விட்டது. விதர்பாவில் மூன்று வருடம் பி.டி. பருத்தி போட்ட வயல்களில் ஆக்டினோமைசீட்ஸ் என்ற மண் நுண்ணுயிர்கள் 17 சதவீதமும் பாக்டீரியா 14 சதவீதமும் குறைந்துவிட்டன, இப்படியே போனால் பத்து வருடத்தில் மண் செத்துவிடும் என்று. ஆனால் ஒப்பிட்ட பக்கத்து வயல்கள் எல்லாவற்றிலும் பருத்தி இல்லை, சிலவற்றில் வேறு பயிர். பயிர் மாறினாலே வேரடியில் இருக்கும் கூட்டம் மாறும். நாக்பூரின் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையம் சோதித்தபோது சொல்லும்படியான கெடுதல் எதுவும் தெரியவில்லை. கெடு வைத்த பத்து வருடமும் போய்விட்டது. இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி.தான். கரிசல் மண் இன்னும் சாகவில்லை.

மண்ணில் பாக்டீரியா செத்ததா இல்லையா என்று நாம் மேலே மேஜையைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் வேறொருவர் வேலையை முடித்துவிட்டார். இளஞ்சிவப்புக் காய்ப்புழு! நச்சைத் தின்றுவிட்டு உயிரோடு இருக்கப் பழகிவிட்டது. குஜராத்தில் அப்படி ஆகிவிட்டதை 2010-ல் மான்சான்டோவே ஒப்புக்கொண்டது. பிறகு இரண்டு மரபணு வைத்த விதையையும் அது செரித்துக்கொண்டது. சொல்லப்போனால் வெற்றி பெற்றது எதிர்ப்பாளரும் இல்லை, கம்பெனியும் இல்லை. டாக்டரேட் இல்லாத ஒரு புழு.

என் தீர்ப்பைக் கேட்டால், மரபணுவை மாற்றியதால் மண்ணின் ஜனங்களுக்கு நேர்ந்தது, ஓர் உழவு உழுதாலோ ஒரு கோடை மழை பெய்தாலோ நேர்வதை விடக் குறைவு என்பதுதான் இதுவரை நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சொல்வது. அடுத்த வாரிசுகளாக வரும் புதுப்புது மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் ஆகவேண்டும், உருளைக்கிழங்கு தப்பித்தது என்பதற்காக எல்லாவற்றுக்கும் பாஸ் மார்க் போட முடியாது. ஆனால் இருபது வருடமாக மண் நுண்ணுயிர்களின் பெயரால் இத்தனை ஊர்வலமும் இத்தனை கோர்ட் கேஸும் நடத்திய நாம், அவற்றை நிஜமாகவே ஒருமுறை எண்ணிப் பார்த்தோமா?

2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கரில் பிரதமர் மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். விவசாயிகளுக்குக் கோடிக்கணக்கில் அட்டை போயிருக்கிறது. வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம் என்று மொத்தம் 12 கட்டங்கள். நுண்ணுயிருக்கு ஒரு கட்டமும் கிடையாது.